திராட்சை இல்லாத ஒயின்: அன்னாசியில் தொடங்குங்கள்

திராட்சை ஒயினுக்கென்றே அமைந்த பழம். ஈஸ்டுக்குத் தீனியாகும் சர்க்கரை, கெட்டுப்போகாமல் காக்கும் புளிப்பு, நாக்கில் சற்று நிற்கும் துவர்ப்பு, ஈஸ்ட் பெருகுவதற்கான நைட்ரஜன் சத்து என்று வேண்டியதெல்லாம் ஏறத்தாழச் சரியான அளவில் அதற்குள்ளேயே இருக்கின்றன. மற்றப் பழங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாம்பழத்தில் இனிப்பு உண்டு, புளிப்பு போதாது. எலுமிச்சையில் புளிப்பைத் தவிர வேறொன்றும் தேறாது. நாவல்பழத்தில் துவர்ப்பு தாராளம், சர்க்கரைதான் பற்றாக்குறை. கையில் எந்தப் பழம் இருந்தாலும் சரி, இந்த நான்கில் எது குறைகிறது என்று பார்த்து அதை மட்டும் நிரப்பத் தெரிந்துகொண்டால் ஆயிரம் செய்முறைக் குறிப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இதைப் பார்க்காமல் இறங்குபவர்கள் வழக்கமாகச் செய்வது, பழம் ஒரு கிலோ என்றால் சர்க்கரையும் ஒரு கிலோ என்று கொட்டிவிடுவது. எங்கே திரும்பினாலும் இந்தச் சம அளவுக் கணக்கைக் காணலாம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அவ்வளவு செறிவான பாகு ஈஸ்ட் உயிரணுவுக்குள் இருக்கும் நீரையே வெளியே இழுத்துவிடும். ஈஸ்ட் தள்ளாடித் தள்ளாடிப் பாதி தூரம் போய் நின்றுவிடும். முடிவில் கிடைப்பது சாராய வாசனையடிக்கும் சர்பத்துதான்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் சாற்றில் 17 முதல் 18 கிராம் வரை சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். ஒயின் நின்று நிலைக்க 11 அல்லது 12 சதவீதம் வேண்டும். ஆகவே லிட்டருக்கு 200 முதல் 210 கிராம் சர்க்கரை தேவை. நன்கு பழுத்த ஒயின் திராட்சையில் அது இயல்பாகவே இருக்கிறது. அன்னாசிச் சாற்றில் லிட்டருக்கு 120 கிராம் அளவில்தான் இருக்கும். அதை அப்படியே நொதிக்கவிட்டால் 7 சதவீதத்தோடு நின்றுவிடும், விரைவில் கெட்டும் போகும். மீதியை நாம் சேர்க்க வேண்டும். மீதியை மட்டும்.

இறங்குவதற்கு முன்

முதலில் சட்டம். வீட்டுத் தேவைக்கு ஒயின் செய்வதைச் சில நாடுகள் ஓர் அளவுவரை அனுமதிக்கின்றன. சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் அறவே கூடாது. ஒரே நாட்டுக்குள்ளும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறலாம். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இருக்கும் இடத்திலும் அது பெரும்பாலும் சொந்தத் தேவைக்குத்தான், விற்பனைக்கு இல்லை.

இரண்டாவது, மெத்தனால் பயம். பழத்திலுள்ள பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கும் பசைப்பொருள்) சிதையும்போது சிறிதளவு மெத்தனால் உண்டாகிறது என்பது உண்மையே. சரியாக நொதித்த பழ ஒயினில் அது ஆபத்தான அளவை எட்டுவதில்லை. கள்ளச்சாராயச் சாவுகள் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பதால் நேர்பவை. நொதித்ததைக் காய்ச்சி வடிக்கும் வேலையோ முற்றிலும் வேறு. வீட்டில் அது தீ விபத்துக்கும் நச்சுக்கும் வழி, பெரும்பாலான இடங்களில் குற்றமும்கூட. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது, வாயு. ஒரு கிலோ சர்க்கரை முழுதும் நொதித்தால் 250 லிட்டருக்கும் மேலான கரியமில வாயு வெளியேறும். அது போக வழியில்லாமல் இறுக மூடிய கண்ணாடிப் புட்டி வெடிகுண்டுக்குச் சமம். வாளியைக் காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். நொதித்தல் முடியும்வரை எதையும் இறுக மூடாதீர்கள்.

பாத்திரங்களும் சாமான்களும்

பட்டியல் சிறியது. 8 அல்லது 10 லிட்டர் கொள்ளும், உணவுக்கேற்ற பிளாஸ்டிக் வாளி, குறுகிய கழுத்துள்ள 5 லிட்டர் கண்ணாடி ஜாடி, அந்த வாய்க்குப் பொருந்தும் துளையிட்ட ரப்பர் அடைப்பானும் ஏர்லாக்கும், ஒன்றரை மீட்டர் மெல்லிய குழாய், பழத்தைக் கட்டிப்போட வலைத்துணிப் பை, ஹைட்ரோமீட்டர், சமையலறைத் தராசு. அலுமினியம், செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரங்கள் வேண்டாம். பழத்தின் புளிப்பு அவற்றை அரித்து ஒயினில் கலந்துவிடும். எவர்சில்வர் பரவாயில்லை. மெருகு பூசிய பழைய மண்ஜாடியின் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதையும் தவிருங்கள்.

ஏர்லாக் என்பது உள்ளிருந்து வாயுவை வெளியேவிட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு நீர்ப்பூட்டு. கிடைக்கவில்லையென்றால் அடைப்பானில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் நிரம்பிய குவளைக்குள் மூழ்கவிட்டாலும் அதே வேலை நடக்கும்.

இத்தனையிலும் ஹைட்ரோமீட்டரைத்தான் புதியவர்கள் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். தராசு இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், இது இல்லாமல் இருட்டில் நடப்பதுதான். திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் கருவி இது. வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரையக் கரைய எண் ஏறும். லிட்டருக்கு 26 கிராம் சர்க்கரை சேர்த்தால் சுமார் 0.010 கூடும். நொதித்தல் தொடங்கியபின் எண் இறங்கிக்கொண்டே வந்து, ஆல்கஹால் நீரைவிட இலேசானது என்பதால் கடைசியில் 1.000க்கும் கீழே போகும். தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். 1.082இல் தொடங்கி 0.996இல் முடிந்தால் 0.086 பெருக்கல் 131, அதாவது 11 சதவீதத்துக்குச் சற்று மேல்.

எண்ணைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நொதிக்கும் சாற்றில் கருவியை விட்டவுடன் அதன் தண்டிலும் குமிழிலும் வாயு முத்துகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும். எண் கூடுதலாகத் தெரியும். தண்டின் நுனியை இரு விரல்களால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள், முத்துகள் உதிர்ந்துவிடும். பிறகு கண்ணைத் திரவமட்டத்துக்கு இறக்கி, கண்ணாடியோரம் மேலேறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு நடுவிலுள்ள தாழ்ந்த மட்டத்தைப் படியுங்கள்.

சுத்தம் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். ஒயினைத் தொடும் ஒவ்வொன்றையும் முதலில் கழுவி, பிறகு கிருமிநீக்கம் செய்ய வேண்டும். இவை இரண்டும் தனித்தனி வேலைகள். அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநாசினிக்குப் பயனில்லை. மணமூட்டிய சோப்பு வேண்டாம், அந்த மணம் பிளாஸ்டிக்கில் தங்கிவிடும்.

ஏன் அன்னாசி?

முதல்முறைக்கு நான் அன்னாசியைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இருக்கிறது. மணம் தூக்கலாக இருப்பதால் நொதித்தபின்னும் பழம் தெரியும். பெக்டின் குறைவு, ஆகவே எளிதில் தெளியும். கொட்டை இல்லை. புளிப்பு ஓரளவு உண்டு. குறைகளும் வெளிப்படையானவை: சர்க்கரை போதாது, துவர்ப்பு இல்லை, நைட்ரஜன் சத்து குறைவு. 5 லிட்டர் ஒயினுக்கு வேண்டியவை இவை:

தோலும் கண்ணும் நீக்கிய அன்னாசிச் சதை – 3 கிலோ
சர்க்கரை – 850 கிராம் (முன்பின் ஆகலாம், ஹைட்ரோமீட்டர் சொல்லும்)
கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர் – 2.5 லிட்டர்
சிட்ரிக் அல்லது டார்டாரிக் அமிலம் – 10 கிராம்
பால், சர்க்கரை சேர்க்காத கெட்டித் தேநீர் – அரைக் கோப்பை
பெக்டின் கரைக்கும் நொதி, ஈஸ்டுக்கான சத்துப்பொடி – உறையில் சொல்லியுள்ள அளவு
பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் – அரை கிராம்
ஒயின் ஈஸ்ட் – 5 கிராம் உறை ஒன்று

தேநீர் துவர்ப்புக்காக. அரைக் கோப்பையில் தேநீர்ச் சுவை தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் ஒயின் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். அரை கிராம் மெட்டாபைசல்பைட்டைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது என்பது நியாயமான கேள்வி. 5 கிராமை நிறுத்து, தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லி வரும்படி செய்யுங்கள். அதில் 10 மில்லி எடுத்தால் அரை கிராம். கரைசலை அன்றன்று கலக்குவது நல்லது. வைத்திருந்தால் வீரியம் போய்விடும். இதே சல்பைட்டை அளவாக அடைத்து விற்கும் கேம்டன் மாத்திரை கிடைத்தால் இந்த அளவுக்கு ஒன்று போதும், பொடித்துச் சேருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு இந்தச் சல்பைட் ஒத்துக்கொள்ளாது. யாருக்குக் கொடுத்தாலும் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

முதல் இரண்டு நாள்கள்

நன்றாகப் பழுத்த, ஆனால் அழுகாத பழமாகப் பாருங்கள். ஒயினுக்குத்தானே என்று கழிந்த பழத்தைப் போடுபவர்கள் உண்டு. அழுகலின் வாடை எங்கும் போகாது, ஒயினில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சதையைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். நேரமிருந்தால் ஓரிரவு உறைய வைத்து எடுங்கள். பழத்துக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது உயிரணுக்களைக் கிழித்துவிடுவதால், உருகியதும் கையால் பிசைந்தாலே சாறு கொட்டும். மிக்சியில் விட்டுக் கூழாக்க வேண்டாம். மண்டி பெருகும், தெளிய நாளாகும். வேகவைக்கவும் வேண்டாம். வேகவைத்தால் ஜாம் வாசனை ஏறும்.

பிசைந்த பழத்தை வலைப்பையில் கட்டி வாளியில் போடுங்கள். 600 கிராம் சர்க்கரையை மட்டும் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மீதி கையிருப்பில் இருக்கட்டும். அமிலம், தேநீர், சத்துப்பொடி, கடைசியாக சல்பைட் கரைசல் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கி, மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். பழத்தோடு வந்த காட்டு ஈஸ்டுகளையும் பாக்டீரியாக்களையும் சல்பைட் அடக்கிவைக்கும். துணி வழியாக அதன் காரநெடி மெல்ல வெளியேறும். 12 மணி நேரம் கழித்துப் பெக்டின் நொதியைச் சேருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் சல்பைட் நொதியின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இன்னுமொரு 12 மணி நேரம் போகட்டும். சல்பைட் சேர்த்து ஒரு நாள் முழுதாக ஆனபின் பையை மெல்லப் பிழிந்து, சாற்றை நன்றாகக் கலக்கி அளவெடுங்கள். 1.080 முதல் 1.085 வரை வர வேண்டும். குறைந்தால் மீதிச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அளந்துகொண்டே போங்கள். வந்த எண்ணையும் தேதியையும் எழுதி வாளியில் ஒட்டிவிடுங்கள்.

இப்போது ஈஸ்ட். ரொட்டி ஈஸ்டும் நொதிக்கவைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது அடியில் கெட்டியாகப் படியாது, ரொட்டி வாடையும் விடும். ஒயின் ஈஸ்ட் விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். லால்வின் என்ற பெயரில் விற்கும் ஈசி-1118 எதற்கும் அசையாத ரகம், 18 சதவீத ஆல்கஹால் வரை தாங்கும். 71பி என்ற ரகம் பழமணத்தைத் தூக்கிக் காட்டும். மாலிக் அமிலத்தின் ஒரு பகுதியையும் தின்றுவிடுவதால் ஆப்பிள், பிளம் ஒயின்களின் புளிப்பைச் சற்றுத் தணிக்கும். அன்னாசிக்கு நான் 71பியையே எடுப்பேன்.

50 மில்லி வெதுவெதுப்பான நீரில் (35 முதல் 40 டிகிரி செல்சியஸ்) ஈஸ்டைத் தூவி 15 நிமிடம் விடுங்கள். மேலே நுரைத்துப் பொங்கும். பிறகு வாளியிலிருந்து ஒரு கரண்டிச் சாற்றை அதில் கலந்து, சூடு ஏறத்தாழச் சமமானபின் வாளியில் ஊற்றுங்கள். சூட்டு வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் அதிர்ச்சியடையும்.

பொங்கும் வாரம்

ஒரு நாளுக்குள், அதிகம் போனால் ஒன்றரை நாளில், வாளியருகே காதை வைத்தால் சொரசொரவென்ற சத்தம் கேட்கும். மேலே நுரை கட்டும். வாளியின் கால்பகுதி காலியாக இருக்க வேண்டும் என்பது இந்த நுரைக்காகத்தான். வாயு பையை மேலே தூக்கி மிதக்கவைக்கும், மிதக்கும் பழத்தின் முதுகு காய்ந்தால் அதில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நாளுக்கு இரண்டு முறை, கழுவிய கரண்டியால் பையை அமுக்கி மூழ்கவைத்து, சாற்றைக் கலக்கிவிடுங்கள். இந்த முதல் சில நாள்கள் மட்டும்தான் காற்று நல்லது. பெருகுவதற்கு ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதன்பிறகு காற்றைப் போல ஒயினுக்கு எதிரி இல்லை.

வெப்பநிலை 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் பழமணம் தங்கும். 30 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் திணறும், மணம் வாயுவோடு பறந்துவிடும், தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்கள் உண்டாகும். வெயில் காலத்தில் வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றிவிட்டால் சில டிகிரி குறையும். பழ ஈக்களைக் கிட்டே அண்டவிடாதீர்கள். ஒயினை வினிகராக்கும் பாக்டீரியாக்களைக் காலில் சுமந்துகொண்டு வருபவை அவைதான்.

ஐந்து, ஆறு நாள்களில் பொங்கல் அடங்கும். எண் 1.020 அருகே வந்ததும் பையைத் தூக்கி, தானாக வடியவிடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் மண்டியும் கசப்பும்தான் வரும். சாற்றைக் குழாய் வழியாகக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி ஏர்லாக்கைப் பொருத்துங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை மட்டும் காலியிடம் இருக்கட்டும். மிஞ்சிய சாற்றைச் சிறு புட்டியில் ஊற்றி அதற்கும் நீர்ப்பூட்டு போட்டு வையுங்கள். பின்னால் ஜாடியில் குறைவதை நிரப்ப அது உதவும்.

இறுப்பதும் காத்திருப்பதும்

மூன்று வாரங்களில் குமிழ்கள் அருகிவிடும், அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு வெளிறிய மண்டி படிந்திருக்கும். அதில் செத்த ஈஸ்டும் பழத்துகளும் இருக்கின்றன. மண்டியோடு பல மாதம் கிடந்தால் ஒயினில் ஊசல் வாடை ஏறும். மேலே தெளிந்திருப்பதை மட்டும் வேறு ஜாடிக்கு இறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜாடியை மேசைமேல் வைத்து அரை நாள் அசையாமல் விடுங்கள். காலி ஜாடி தரையில் இருக்கட்டும். குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையை ஒயினுக்குள் மண்டிக்கு மேலாக நிறுத்துங்கள். விரலை எடுத்ததும் முதலில் வரும் தண்ணீரை ஒரு குவளையில் பிடித்துக் கொட்டிவிட்டு, ஒயின் வரத் தொடங்கியதும் முனையைக் கீழ் ஜாடியின் அடிவரை விட்டுவிடுங்கள். வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள், வாயில் இல்லாத பாக்டீரியா இல்லை. மேலிருந்து சளசளவென்று விழவிட்டால் காற்று கலக்கும், அதுவும் ஆகாது. மண்டியருகே வந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசி ஒரு கோப்பைக்கு ஆசைப்பட்டு ஜாடியைச் சாய்த்தால் மூன்று வாரத் தெளிவு கலங்கிவிடும்.

ஜாடியில் காலியிடம் விழுந்திருக்கும். எடுத்து வைத்த சிறு புட்டியிலிருந்து நிரப்புங்கள். அதுவும் போதாவிட்டால் கிருமிநீக்கிய கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை உயர்த்தலாம். தண்ணீர் ஊற்றி நிரப்புவது எனக்குப் பிடிப்பதில்லை, ஒயின் நீர்த்துப்போகும்.

குமிழ் நின்றுவிட்டது என்பதை வைத்து நொதித்தல் முடிந்தது என்று நம்பிவிட வேண்டாம். குளிர்ந்தாலும் குமிழ் நிற்கும், ஈஸ்ட் சோர்ந்தாலும் நிற்கும். எண் 1.000க்குக் கீழே வந்து, ஒரு வாரத்தில் மூன்று முறை அளந்தும் மாறாமல் இருந்தால்தான் முடிந்தது. அப்போது ஒயினைக் காக்க 5 மில்லி சல்பைட் கரைசல் சேருங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை இறுங்கள். ஜாடிக்குப் பின்னால் அச்சிட்ட தாளை வைத்து எழுத்தைப் படிக்க முடிந்தால் தெளிந்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் ருசி பார்ப்பவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். அன்னாசி என்றதும் நாக்கு இனிப்பை எதிர்பார்க்கிறது. இருந்த சர்க்கரையையெல்லாம் ஈஸ்ட் தின்றுவிட்டதால் புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஒயின் பழுதாகவில்லை, இளசாக இருக்கிறது. நான்கைந்து மாதங்களில் தானாகவே மட்டுப்படும். அப்படியும் இனிப்பு வேண்டுமென்றால் சேர்க்கலாம், ஆனால் வெறும் சர்க்கரையைப் போட்டால் மிச்சமிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு புட்டிக்குள் மறுபடி நொதிக்கும். முழுதும் தெளிந்த ஒயினில் 5 லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும், கூடவே 5 மில்லி சல்பைட் கரைசலும் கலந்து, மறுநாள் லிட்டருக்கு 20 முதல் 40 கிராம் சர்க்கரை சேருங்கள். சார்பேட் ஈஸ்ட் மேலும் பெருகாமல் தடுக்குமே தவிர, நொதித்துக்கொண்டிருப்பதை நிறுத்தாது. ஏர்லாக்கோடு இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, குமிழ் இல்லை, எண்ணும் மாறவில்லை என்றால் புட்டியில் அடைக்கலாம். தக்கையிட்ட புட்டியை மூன்று நாள் நிறுத்திவைத்துப் பிறகு படுக்கவையுங்கள். திருகுமூடிப் புட்டி நின்றபடியே இருக்கலாம். எதுவானாலும் வெளிச்சம் படாத, சூடு ஏறாத இடம்.

கோளாறுகள்

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம். சத்துப் பற்றாக்குறையில் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. நொதித்தலின் முற்பாதியென்றால் சத்துப்பொடி கொஞ்சம் சேர்த்துக் கலக்குங்கள். பிற்பாதியென்றால் இந்த ஒரு தடவை மட்டும் காற்றுப்பட இறுத்துவிடுங்கள்.

வினிகர் நெடி அடித்தால் மீட்சி இல்லை. அதை வினிகராகவே முழுதும் மாறவிட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே மெல்லிய வெண்படலம் தெரிந்தால் ஜாடியில் காற்றிடம் அதிகம் என்று பொருள். படலத்துக்குக் கீழிருந்து இறுத்து, சல்பைட் சேர்த்து, கழுத்துவரை நிரப்புங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர் போன்ற பூஞ்சை பிடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

1.030 அருகே எண் நகராமல் நின்றால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள், பிறகு சத்து. இரண்டும் சரியென்றால் புது ஈசி-1118 உறை ஒன்றைத் தனிக் குவளையில் ஊறவைத்து, நின்றுபோன ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலந்து பழக்கி, குவளை நன்றாக நுரைத்தபின் ஜாடியில் சேர்க்க வேண்டும். நேரடியாகத் தூவினால் உள்ளே இருக்கும் ஆல்கஹாலில் விழுந்த புது ஈஸ்ட் பிழைக்காது.

அடுத்து எந்தப் பழம்?

நாவலில் துவர்ப்பும் நிறமும் ஏராளம், தேநீரே வேண்டாம். விதை நசுங்காமல் கையால் பிசையுங்கள். பையை நான்கு நாளிலேயே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாக்கு மரத்துப்போகும் அளவுக்குத் துவர்ப்பு இறங்கும். குறைந்தது ஒரு வருடம் வைத்துக் குடிக்க வேண்டிய ஒயின் இது. மாதுளையில் முத்துகளை மட்டும் எடுங்கள், வெள்ளைத் தோல் கசக்கும். பிளம், செர்ரி, பீச் பழங்களின் கொட்டையை எடுத்துவிட்டே போட வேண்டும். அவற்றின் பருப்பிலுள்ள அமிக்டலின் சிதைந்தால் சயனைடு உண்டாகும். ஆப்பிளில் பெக்டின் அதிகம், துவர்ப்புக் குறைவு. நொதியின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மாம்பழத்தில் அமிலத்தைக் கூட்ட வேண்டும். கூழாகவே இருப்பதால் மண்டி ஜாடியில் கால்பங்கைத் தின்றுவிடும், அதற்கேற்பக் கூடுதலாகச் செய்யுங்கள். பப்பாளியிலும் இதே புளிப்புக் குறைதான், மணமும் மந்தம். எனக்கு அதில் ஆர்வம் வந்ததில்லை. ஆரஞ்சு வகையில் தோலுக்கடியிலுள்ள வெள்ளைப் பகுதி ஒரு துணுக்குக்கூடச் சேரக்கூடாது. தர்பூசணி பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஈஸ்ட் சூடுபிடிப்பதற்குள் சாறு கெட்டுவிடும். பழகியவர்களே அதில் தோற்பதுண்டு.

வாழையைத் தனி ஒயினாகச் செய்வதைவிட மற்ற ஒயின்களுக்குக் கனம் கொடுக்கப் பயன்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாக இருக்க வேண்டும். காய்வெட்டாக இருந்தால் அதன் மாவுச்சத்து ஒயினைக் கலங்கலாக்கிவிடும். 5 லிட்டருக்கு இரண்டு, மூன்று பழங்களை வட்டமாக நறுக்கி அரை லிட்டர் நீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து, வடிகட்டிய நீரை மட்டும் ஆறியபின் வாளியில் சேருங்கள். அந்த அரை லிட்டரை மொத்தத் தண்ணீரில் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரைக் கணக்கு தவறும்.